கார்காலமும் கால்பந்தும்: மூலனூர் வட்டாரத்தில் சீசன் தொடக்க நம்பிக்கை பற்றிய ஓர் ஆய்வு

இவ்வாய்வின் களம் திருப்பூர் மாவட்டம், தாராபுரம் வட்டம், மூலனூர். ஆய்வுப் பொருள், கால்பந்து சீசன் தொடங்குகிற நேரத்தில் ஒரு ரசிகரின் நெஞ்சில் ஊறுகிற நம்பிக்கை. தகவலாளர் ஒருவர். ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு ஆய்வா என்று நெறியாளர்கள் முகம் சுளிக்கலாம். மூலனூரில் அகப்பட்டது அவ்வளவுதான். மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள், அது இல்லாத நாளில் கபடி, அதுவும் இல்லாத நாளில் அரசியல். மேலும், தகவலாளரும் ஆய்வாளரும் ஒரே ரேஷன் கார்டில் ஒரே வரியில் இருப்பவர்கள் என்பதை ஆய்வு நேர்மை கருதி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் பேட்டி எடுப்பது சுலபமாக இருந்தது. உண்மையை வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

முதலில் 'சீசன்' என்கிற சொல். எங்கள் பக்கத்தில் இது தமிழ்ச் சொல். முருங்கை சீசன் உண்டு, பருத்தி சீசன் உண்டு, பனியன் கம்பெனிக்கு ஆர்டர் சீசன் உண்டு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து காற்றாலைகளைச் சுற்றவைத்து, போகிற போக்கில் வீட்டு ஓட்டையும் டிஷ் ஆன்டெனாவையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகிற காற்றுக்கும் சீசன் உண்டு. தொடக்கத்தில் எல்லாருமே லாபக் கணக்குத்தான் போடுவார்கள். என் பெரியப்பா மகன் இரண்டு ஏக்கரில் முருங்கை வைத்திருக்கிறான். மரம் பூத்து வெள்ளையாக நிற்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். காற்றோ மழையோ அடித்துப் பூ கொட்டினால் காய் போச்சு. கொட்டாமல் எல்லாம் காய்த்துத் தள்ளினால் விலை போச்சு. இரண்டும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பூக்கிறபோது சிரிக்கிறான். கேட்டால், "வெதைக்கிறப்ப எவனுக்குடா நட்டம் வந்திருக்குது?" என்பான். கால்பந்து நம்பிக்கை பற்றி இதைவிடச் சுருக்கமான சூத்திரம் எனக்கு அகப்படவில்லை. நிக் ஹார்ன்பி 1992இல், ஆர்சனல் ரசிகனாகத் தான் பட்ட பாட்டை ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். அவரிடம் முருங்கை மரம் இல்லை, பாவம்.

இனி கருதுகோள். மூலனூர் கால்பந்து ரசிகன் சங்க இலக்கியத்து முல்லைத் திணைத் தலைவி.

சிரிக்க வேண்டாம். சான்று இருக்கிறது. முல்லை என்றால் காடும் காடு சார்ந்த நிலமும், ஆநிரை மேய்ச்சல். காங்கேயத்திலிருந்து மூலனூர் வரைக்கும் கொரங்காடு என்று ஒன்று உண்டு. சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் ஆங்காங்கே வெள்வேல மரம். அதில் காங்கேயம் மாடும் செம்மறியும் மேயும். பக்கத்துக் கன்னிவாடியில் ஆட்டுச் சந்தை. இதைவிட முல்லை வேண்டுமென்றால் தொல்காப்பியரைத்தான் எழுப்பிக் கேட்க வேண்டும். முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்துக்கொண்டு இருத்தல். பெரும்பொழுது கார், அதாவது ஆவணியும் புரட்டாசியும். இங்கேதான் எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஐரோப்பிய லீக்குகள் தொடங்குவது ஆகஸ்டில், ஆடிக்கும் ஆவணிக்கும் நடுவில். இந்தியன் சூப்பர் லீக் 2023இல் தொடங்கியது செப்டம்பர் 21, 2024இல் செப்டம்பர் 13. இரண்டும் கார்காலத்துக்குள். தொல்காப்பியர் கால அட்டவணை போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று தலைவன் சொல்லிவிட்டுப் போயிருப்பான். மழை விழுந்து கொன்றை பூத்துவிடும். ஆளைக் காணோம். தலைவி கலங்குவாள். அப்போது தோழி, இது கார்காலமே இல்லை, கொன்றை விவரம் இல்லாமல் பூத்துவிட்டது என்று கூசாமல் ஒரு பொய் சொல்வாள். 'பருவம் அன்று என்று வற்புறுத்தல்' என்று இதற்குத் துறைப்பெயரே உண்டு. எங்கள் வீட்டில் தலைவிக்கு மீசை இருக்கிறது, தோழி அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கிறாள் என்கிற இரண்டு திருத்தங்களோடு கருதுகோள் அப்படியே நிற்கும்.

தகவலாளரின் அணி சென்னையின் எஃப்.சி. அதன் மைதானத்துக்கும் மூலனூருக்கும் நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஏன் இந்த அணி என்று கேட்டதற்கு, "மெட்ராசு நம்மளுதுதானுங்களே" என்றார். விளைச்சல் கணக்கு இது. 2014இல் லீக் தொடங்கியது. 2015இல் பாதி சீசன் வரைக்கும் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் கொண்டுபோய் வைத்தார்கள். அதிலும் ஜெயித்து டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. தகவலாளர் டிவியை அணைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணி பட்டுப் பந்து அவர் வலைக்குள்ளேயே போனதும், அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் மென்டோசா அடித்துக் கோப்பையை வாங்கியதும் அவருக்குத் தெரிய அரை மணி நேரம் ஆனது. மாட்டைத் திட்டினார்.

அந்த அரை மணி நேரம்தான் மனிதரைக் கெடுத்தது. அதற்குப் பிறகு எந்த ஆட்டத்தையும் முடியும் முன் தோற்றதாக ஒத்துக்கொள்வதில்லை, எந்த சீசனையும் தொடங்கும் முன் போனதாக ஒத்துக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு அதே சீசனில் இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி, 5000-க்கு ஒன்று என்று பந்தயக்காரர்கள் எழுதிவைத்த அணி, பிரீமியர் லீக்கை வென்றது. ஏழே வருஷத்தில், 2023இல், அது கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது தகவலாளரிடம் எடுத்துக்காட்டப்பட்டது. தரவில் அதைச் சேர்க்க மறுத்துவிட்டார்.

அடுத்து ஜெர்சி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நான் பார்ப்பது செக்கிங் வேலை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறவனிடம் ஒரு ஜெர்சியைக் கொடுத்துப் பாருங்கள். முன்னால் இருக்கிற சின்னத்தை அவன் பார்க்க மாட்டான். முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்புவான். பேட்லாக் தையல் ஓடியிருக்கிற விதம், கழுத்துப் பட்டியில் சுருக்கம், அக்குளில் நூல் விட்டிருக்கிறதா, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை. அப்புறம்தான் எந்த டீம் என்று கேட்பான். குறை இருக்கிற இடத்தில் ஒரு குட்டி அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். அந்த ஸ்டிக்கரோடு போகிற பீஸ் செகண்ட்ஸ். காதர்பேட்டையில் குவித்துவைத்து விற்பார்கள்.

தகவலாளரின் நீல ஜெர்சி 2018 பிப்ரவரியில் காதர்பேட்டைக் குவியலில் கிடைத்தது. அதிகாரபூர்வமானது இல்லை, நீலமாக இருந்தது, அவ்வளவுதான். முதுகில் 10. முழுக்க பாலியெஸ்டர். சுற்றிலும் பருத்தி விளைகிற ஊரில், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலத்துக்குப் பருத்தி மூட்டைகள் அடுக்கிக் கிடக்கிற தெருவில், ஒருவர் பாலியெஸ்டரில் வேர்த்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து எங்கள் அப்பாரு காறித் துப்பினார். வலது தோளில் இரண்டு விரல் அகலத்துக்குத் தையல் விட்டிருந்தது. அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரும் இருந்தது. தைத்துக்கொள்ளலாம் என்று வாங்கி வந்து, நேரமில்லாமல், தைக்காமலேயே மார்ச் 17 சனிக்கிழமை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். பெங்களூரில் இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் எதிரணி பெங்களூருக்குச் சேத்ரி அடித்தார். பிறகு நம் பக்கம் மைல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. கடைசியில் மிக்கு ஒன்று திருப்பியும் 3-2, இரண்டாவது கோப்பை.

அன்று முதல் அந்தத் தையல் விட்ட இடம் தைக்கப்படவில்லை. ஆய்வில் இதை மாறிலி என்பார்கள். மற்றதெல்லாம் மாறலாம், இது மாறக் கூடாது. அடுத்த சீசனில் அதே ஜெர்சி, அதே ஓட்டை. சாம்பியன் அணி 18 ஆட்டத்தில் இரண்டை மட்டும் ஜெயித்துக் கடைசி இடத்தில் முடித்தது. மாறிலி பொய்த்துவிட்டதே என்று கேட்டேன். "ஒரு வருசம் வெள்ளாம பொய்ச்சா வெதையை மாத்துவாங்களா?" என்று திருப்பிக் கேட்டார். 2019-20இல் நடுவில் ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வந்தபின் அணி அடியிலிருந்து எழுந்து இறுதி ஆட்டம் வரைக்கும் போனது. மார்ச் 14, கோவா, கொரோனாவால் ஆளில்லாத கேலரி, கொல்கத்தாவிடம் 3-1 தோல்வி. அதற்குப் பிறகு விளைச்சல் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2024-25இல் 13 அணிகளில் 11ஆவது இடம். ஓட்டை மட்டும் மூன்று விரல் அகலம் ஆகியிருக்கிறது.

இந்தக் கட்டத்தில் பாங்கன் கழறல் நிகழும். டீக்கடை மாப்பிள்ளை ஒருவர். அகத்திணையில் பாங்கன் தலைவனுக்குத்தான் தோழன், மீசை வைத்திருந்தாலும் தலைவியைக் கழற அவனுக்கு உரிமை இல்லை. வழுவமைதியாகக் கொள்க. "ஏன் மாப்ளே, ஊரே சி.எஸ்.கே. பாக்குது. உனக்கு மட்டும் என்ன, வேண்டாத வேலை?" என்பார். தகவலாளர் பதில் சொல்ல மாட்டார். டம்ளரை வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு. அதுவும் துறைக்குள் அடங்கும்.

துணைக் கருதுகோள் ஒன்றும் உண்டு. கோல்கள் சிக்னல் இல்லாத இடத்தில் விழும் இயல்புடையன. லீக் ஆட்டம் பெரும்பாலும் இரவு 7.30க்குத் தொடங்கும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடிவது 8.30. செல்போன் வாட்ச்மேனிடம். வெளியே வந்து போனை வாங்கும்போது இரண்டாம் பாதி தொடங்கும். கம்பெனி பஸ் கிளம்பிப் படியூர் தாண்டும்போது ஏறக்குறைய 75ஆவது நிமிடம். படியூருக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் என் சிம்முக்கு ஒரு துண்டு இருட்டு. திரையில் பந்து நின்ற இடத்தில் நிற்கும், ஒரு ஆட்டக்காரர் ஒற்றைக்காலைத் தூக்கியபடி ஐயனார் கோவில் குதிரை மாதிரி அசையாமல் இருப்பார். வட்டம் சுற்றும். பஸ்ஸில் எல்லாரும் தூங்குகிறார்கள். காங்கேயம் விளக்குகள் வந்ததும் ஸ்கோர் ஒரேயடியாக மாறியிருக்கும். இதைப் பல சீசன்களாகக் கவனித்துவருகிறேன். கிரவுண்டில் ஆடுகிறவர்களுக்குப் படியூர் எப்படித் தெரிகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

விதிவிலக்காக ஒரே ஒரு நல்ல விளைச்சல், அதுவும் பக்கத்துக் காட்டில். 2018-19 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்கிற அணி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடியது. மூலனூரிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். பேர் சென்னை, ஊர் கோவை. கல்யாணப் பத்திரிகையில் இப்படி வந்தால் மண்டபத்தைத் தேட வேண்டியதுதான். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெட்ரோ மான்சி என்று ஒருவர். அக்டோபர் 26 முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸை 4-1 அடித்தார்கள், மான்சிக்கு மூன்று கோல். முதல் ஆட்டத்திலேயே மூன்று என்றால் ரசிகன் என்ன ஆவான் என்று யோசியுங்கள். மே மாத மழையில் விதைத்த மாதிரி தலைகால் புரியவில்லை. சீசன் முடியும்போது மான்சியின் கணக்கில் 21 கோல்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. சம்பள நாள், லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. வயிற்று வலி என்று சொன்னேன், சொன்னார் தகவலாளர். வ.உ.சி. பூங்கா பக்கத்தில் இறங்கிக் கூட்டத்தோடு உள்ளே போனார். தோளில் ஓட்டையோடு நீல ஜெர்சி, அந்த அணிக்குச் சம்பந்தமே இல்லாத நிறம். ஜெயித்தால் பட்டம். தொடக்கத்திலேயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடுகிறது, இங்கே சறுக்கினால் பட்டம் அங்கே. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டி. பிறகு கௌரவ் போரா, தடுப்பு ஆட்டக்காரர், ஒன்று. கடைசியில் அவரே இன்னொன்று. 3-1. இருபது ஆட்டத்தில் 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. சிங்காநல்லூரில் தாராபுரம் பஸ் ஏறும்போது தகவலாளருக்குக் குரல் போய்விட்டது. கண்டக்டரிடம் கையால்தான் டிக்கெட் கேட்டார்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். பேட்லாக் மெஷினில் உட்காருகிற கொல்கத்தாப் பக்கத்துத் தம்பி ஈஸ்ட் பெங்கால். அவர்கள் தேசிய லீக்கைக் கடைசியாக வென்றது 2003-04. ஆர்சனல் பிரீமியர் லீக்கைக் கடைசியாக வென்றிருந்ததும் அதே சீசன்தான். பதினைந்து வருஷக் காத்திருப்பு ஒரு புள்ளியில் போயிருக்கிறது. நான் எதுவும் பேசவில்லை. அவன் மெஷினை நிறுத்திவிட்டு, "அண்ணா, வயித்து வலி சரியாப் போச்சா?" என்று கேட்டான். டீ பிரேக்கில் அவன்தான் காசு கொடுத்தான். அந்தத் தொழிற்சாலையில் இருக்கிற நூற்றுக்கணக்கான பேரில் என் வயிற்று வலி என்னவென்று தெரிந்தவன் அவன் ஒருத்தன்.

சென்னை சிட்டியின் மிச்சக் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், மெதுவாகச் சொன்னால் தாங்காது. அடுத்த சீசன் நடுவில் மான்சி ஜப்பான் போனார். அதற்கடுத்த 2020-21 சீசன் முழுதையும் கொரோனாவால் வங்காளத்திலேயே நடத்தினார்கள். 2021-22 ஐ-லீக் பட்டியலில் அந்த அணியின் பெயரே இல்லை. தோற்றால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே இல்லையென்றால் எதைப் பார்ப்பது? முருங்கை மரம் காய்க்காமல் போவதையும், காலையில் எழுந்து பார்த்தால் தோட்டத்தில் மரத்தையே காணோம் என்பதையும் ஒரே தலைப்பில் வைக்க முடியாது.

இனி மூலக் கருதுகோளுக்கு வலுவான சான்றாகிய 2025. இந்தியன் சூப்பர் லீக்கை நடத்திவந்த நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்துச் சம்மேளனத்துக்கும் 2010இல் போட்ட பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8இல் முடிவதாக இருந்தது. குத்தகை முடியப்போகிற காட்டில் யார் விதைப்பார்கள்? ஜூலை 11 அன்று, சீசன் நிறுத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்துவிட்டார்கள். இன்னும் ஆடிகூடப் பிறக்கவில்லை.

ஆவணி வந்தது. தகவலாளர் ஜெர்சியைப் பெட்டியிலிருந்து எடுத்தார். தோழி, அதாவது வீட்டுக்காரி, பார்த்தாள். "ஏனுங், இன்னும் நாளு இருக்குதுங். கோர்ட்டுல என்னமோ நடக்குதாமா" என்றாள். கோர்ட்டில் நடந்தது உண்மை, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருந்தது. புரட்டாசி வந்தது. "விரத மாசத்துல எதுக்குங் தொடங்கோணும்?" அக்டோபரில் இந்திய அணி கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 தோற்று ஆசியக் கோப்பைக்கும் போக முடியாமல் ஆனது. அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் போட்டாள். ஐப்பசியில் எங்கள் ஊருக்கு மழையே வந்துவிட்டது. கொரங்காட்டில் புல் தழைத்து ஆடுகள் நிமிராமல் மேய்ந்தன. "மழைல கிரவுண்டெல்லாம் சேறாயிருமுங், நல்லவேளை" என்றாள். கார்த்திகையில் ஒப்பந்தம் செத்தது. எங்கம்மாவுக்கும் விஷயம் எட்டியிருந்தது. "ஏஞ்சாமி, அந்தப் பந்து வெளையாட்டுக்காரங்களுக்குச் சம்பளமெல்லாம் வருதா?" என்று கேட்டார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. பனியன் கம்பெனி வைத்திருக்கிற ஊரில் ஆர்டர் நின்றால் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

பருவம் அன்று, பருவம் அன்று என்று ஐந்து மாதம். ஒரு பொய்யைக்கூட இரண்டாவது தடவை சொல்லவில்லை என்பதை ஆய்வாளன் வியப்போடு பதிவு செய்கிறான். கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

2026 ஜனவரி 6 அன்று விளையாட்டுத் துறை அமைச்சர் அறிவித்தார்: பிப்ரவரி 14 தொடக்கம், 14 அணிகள், 91 ஆட்டங்கள். எல்லாரும் எல்லாரோடும் ஒரே ஒரு தடவை. வழக்கமாக ஊருக்கு ஒன்றாக இரண்டு முறை மோதுவார்கள், இப்போது தோற்றால் திருப்பிக் கொடுக்க அடுத்த சீசன் வரைக்கும் காத்திருக்க வேண்டும். மாசி இரண்டாம் தேதி. கார்காலமும் இல்லை, ஆடிப்பட்டமும் இல்லை. கருதுகோள் இந்த இடத்தில் கொஞ்சம் ஆடியது. ஆனால் தகவலாளரைக் கேட்டபோது, இந்தத் தடவை ஆட்டங்கள் குறைவு, குறைவான ஆட்டத்தில் எந்த அணியும் முன்னுக்கு வந்துவிடலாம், 2015இலும் இப்படித்தான் என்று ஆரம்பித்துவிட்டார். நோட்டை மூடிவிட்டேன்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிளுவை வேலி மேல் நீல ஜெர்சி காய்ந்துகொண்டிருந்தது. நான் துவைக்கப் போடவில்லை. முள்ளில் மாட்டிக் கிழிந்துவிடப்போகிறதே என்று பதறி எடுத்தேன். தொழில் பழக்கம், கை தானாக உள்பக்கத்தைத் திருப்பியது. வலது தோள். எட்டு வருஷத்து ஓட்டையைக் காணோம். நெருக்கமாக, கைத்தையல், அங்குலத்துக்குப் பன்னிரண்டு இருக்கும், எங்கள் கம்பெனியில் பாஸ் ஆகிற வேலை.

மாறிலி போய்விட்டது. வாய் திறந்து கத்தலாம் என்று உள்ளே போனேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"நீல நூலு இல்லீங். வெள்ளையிலதான் தைச்சேன்."